டவருக்கும் கடிகாரம் உண்டு: கேள்வி பதில்

(செல்போன் டவர்களும் தொலைபேசிக் கருவிகளும் தங்கள் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பதுதான் ஒத்திசைவு. அதுபற்றிய கேள்விகளுக்கு, தொலைத்தொடர்பு டிரான்ஸ்மிஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் பதில் அளிக்கிறார்.)

கரூர் மாணவர்: அதிர்வெண், கட்டம் (phase), நேரம் ஆகிய மூன்று ஒத்திசைவும் ஒன்றுதானே ஐயா?

இல்லை தம்பி. கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே காலப்பிரமாணத்தில் தாளம் போட்டால் அதிர்வெண் ஒத்துப்போகிறது. இருவர் கையும் ஒரே கணத்தில் சமத்தில் விழுந்தால் கட்டமும் ஒத்துப்போகிறது. கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்கியது என்பது நேரம். பழைய தொலைபேசி வலைப்பின்னலுக்கு முதலாவது போதும். இன்றைய 5ஜி இரண்டாவதையும் கேட்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பழுது தேடினால் நாள் முழுவதும் வீண்.

லைன் பணியாளர்: இ1 இணைப்பில் 'ஸ்லிப்' அலாரம் வருகிறது. கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது.

கேபிளை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இ1 என்பது பல தொலைபேசி அழைப்புகளைச் சேர்த்துக் கொண்டுபோகும் டிஜிட்டல் இணைப்பு; நொடிக்கு 2.048 மெகாபிட் அனுப்புகிறது. 256 பிட் கொண்ட ஒரு தொகுப்பு, அதாவது ஒரு பிரேம், 125 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). வரும் பிட்டுகளை அனுப்புபவரின் கடிகாரம் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் எழுதுகிறது, உங்கள் கடிகாரம் வாசிக்கிறது. அவர் வேகமாக இருந்தால் பஃபர் நிரம்பி ஒரு பிரேம் தூக்கி எறியப்படும். மெதுவாக இருந்தால் ஒரு பிரேம் இரண்டு முறை வாசிக்கப்படும். அதுதான் ஸ்லிப்.

கணக்குப் போட்டால் பிடிபட்டுவிடும். இரு கடிகாரங்களுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒன்று என்றால் 125 நொடிக்கு ஒரு ஸ்லிப். இரு முனையிலும் சீசியம் அணுக்கடிகாரத் தரத்தில், பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்குள் பிழை இருந்தால், எதிரெதிராக விலகினாலும் சுமார் 72 நாளுக்கு ஒன்றுதான். பேச்சில் ஒரு 'டிக்' கேட்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பேக்ஸில் வரிகள் காணாமல் போகும்; அந்தக் காலத்தில் புகார் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

உங்கள் கருவி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறதா, லைனிலிருந்து கடிகாரம் எடுக்கிறதா என்ற அமைப்பை முதலில் சரிபாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடியும்.

கல்லூரி ஆசிரியை: கைக்கடிகாரத்திலும் குவார்ட்ஸ் படிகம்தானே துடிக்கிறது? டவருக்கு ஏன் போதாது?

பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள குவார்ட்ஸ் நாளுக்கு 1.7 நொடி தவறும். கையில் கட்டியிருப்பவருக்கு அது பொருட்டே இல்லை. பெரிய டவருக்கு அனுமதி நூறு கோடியில் 50 பங்குதான். 1800 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 90 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால் ஓடும் பஸ்ஸில் பேசுபவரின் அழைப்பு அடுத்த டவருக்கு மாறும்போது துண்டிக்கப்படலாம். குவார்ட்ஸ் வெப்பநிலைக்கு ஏற்ப ஆடும் என்பதால், டவர் கருவியில் அதைச் சூடேற்றிய சிறு பெட்டிக்குள் ஒரே வெப்பத்தில் வைத்திருப்பார்கள்.

கேள்வி: 5ஜி டவரில் ஜிபிஎஸ் ஆண்டெனா எதற்கு? டவர்தான் நகராதே!

நல்ல கேள்வி. அது இடத்துக்கு அல்ல, கட்டத்துக்கு; ஜிபிஎஸ் சிக்னலில் துல்லியமான நேரமும் வருகிறது. இந்தியாவில் 2022 ஏலத்தில் விற்ற 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில், மாறி மாறி நடக்கின்றன. பக்கத்து டவர் முறை தவறி அனுப்பினால், போனிலிருந்து வரும் பலவீனமான சிக்னல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் ஒவ்வொரு டவரும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோநொடிக்குள் நிற்க வேண்டும்.

கேள்வி: அந்த ஆண்டெனா பழுதானால்?

உள்ளிருக்கும் குவார்ட்ஸ் கடைசியாகக் கற்ற வேகத்தில் தானே ஓடும்; இதை ஹோல்டோவர் என்பார்கள். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிழை இருந்தாலே சுமார் நாலு மணி நேரத்தில் 1.5 மைக்ரோநொடி கரைந்துவிடும். ஜிபிஎஸ்ஸும் தவறாதது அல்ல. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளை ஓய்வுக்கு அனுப்பியபோது, வேறு சில செயற்கைக்கோள்கள் 13 மைக்ரோநொடி பிசகிய நேரத் திருத்தத்தை ஒலிபரப்பின. பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின.

கேள்வி: அப்படியானால் பைபர் வழியாக நேரத்தை அனுப்பும் பிடிபி (PTP) முறை போதாதா?

மாற்று ஏற்பாடாக அவசியம் வேண்டும். ஆனால் போகவும் வரவும் ஒரே தாமதம் என்று அது நம்பிக் கணக்கிடுகிறது. பைபரில் 200 மீட்டருக்கு ஒரு மைக்ரோநொடி. ஒரு திசை பைபர் மற்றதைவிட 200 மீட்டர் நீளம் என்றால் அரை மைக்ரோநொடி பிழை வரும். எந்த அலாரமும் அதைச் சொல்லாது. வெட்டுப்பட்ட பைபரை இணைக்கும்போது ஒரு இழையை மட்டும் வேறு பாதைக்கு மாற்றினால், அன்றே கட்டத்தை அளந்து பதிவேட்டில் குறித்துவையுங்கள்.