பேசிக் 57,700: பல்கலைக்கழகச் சம்பளம் பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் சம்பளப் பட்டியல் போட்டே தலை நரைத்தவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். சம்பளம் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நெட் தகுதித் தேர்வு முடித்துவிட்டேன் சார். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் கையில் எவ்வளவு வரும்? (திருச்சியிலிருந்து ஒரு தம்பி)

ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டிய யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்கில் தொடக்க பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 57,700. பழைய 21,600-ஐ 2.67-ஆல் பெருக்கி வந்த எண் அது. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 விழுக்காடு, அதாவது 33,466. இரண்டும் சேர்ந்து 91,166. இதன் மேல் வீட்டு வாடகைப்படி வரும். ஆனால் மத்திய பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பரோடு ஒப்பிட்டு ஏங்க வேண்டாம். அங்கே பெருநகரத்தில் பேசிக்கில் 30 விழுக்காடு, ஏறக்குறைய 17,300 ரூபாய். இங்கே மாநில அரசு வைத்திருக்கும் நிலையான தொகைதான். சென்னையிலேயே அதில் பாதி வராது. அப்புறம் ஓய்வூதியப் பங்களிப்பாக 10 விழுக்காடு பிடிப்பார்கள். தொழில் வரி, வருமான வரி எல்லாம் போக, வீட்டில் சொல்லும்போது எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லி வையுங்கள்.

ஐஐடியில் உதவிப் பேராசிரியருக்கு 1,01,500 பேசிக். நாங்களும் பிஎச்டிதானே முடித்திருக்கிறோம்?

அது வேறு அட்டவணை, வேறு எதிர்பார்ப்பு. முதல் நிலை உதவிப் பேராசிரியராக உள்ளே போவதற்கு முன்பே பிஎச்டிக்குப் பின் மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். நியாயமா என்றால், முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்தால் 57,700 நல்ல சம்பளம்தான். நம் அட்டவணையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டவணைக்குள் எத்தனை பேரை விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அதற்குக் கீழே வருகிறேன்.

பதவி உயர்வு (சிஏஎஸ்) இரண்டு ஆண்டு தாமதமானால் உண்மையில் எவ்வளவு நட்டம்?

இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். பலர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

பிஎச்டியோடு 57,700-இல் சேருகிறீர்கள். ஆண்டுக்கு 3 விழுக்காடு இன்கிரிமென்ட். 59,400, 61,200, 63,000 என்று ஏறி நான்காம் ஆண்டு முடிவில் 64,900. அட்டவணையின் அடுத்த படியான லெவல் 11-க்குப் போகும்போது ஒரு இன்கிரிமென்ட் கூட்டினால் 66,800. அந்த லெவலின் முதல் கட்டமே 68,900 என்பதால் அங்கே உட்கார வைப்பார்கள். ஆக, நான்கு ஆண்டுக்குப் பின் கிடைத்த பெரிய உயர்வு என்று கொண்டாடியது நான்காயிரம் ரூபாய்! ஐந்து ஆண்டு கழித்து லெவல் 12. அங்கேயும் இதே கதை, 84,700 அளவில் நிற்பீர்கள். மேலும் மூன்று ஆண்டில் 92,500.

அடுத்த படியில்தான் விஷயமே இருக்கிறது. இணைப் பேராசிரியர், லெவல் 13ஏ. தொடக்கமே 1,31,400. பேசிக்கில் மட்டும் 38,900 வித்தியாசம். 58 விழுக்காடு அகவிலைப்படியோடு மாதம் 61,000-க்கு மேல். அந்த ஒரு படியில் ஓராண்டு தாமதம் என்றால் ஏழு லட்சத்துக்கு மேல் பணம் நிலுவையில் நிற்கிறது. நேர்காணலில் தேறினால் தகுதி பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டு அரியர்ஸ் (நிலுவைத் தொகை) தருவார்கள்தான். ஆனால் வட்டி கிடையாது. அரியர்ஸ் மொத்தமாக வரும் ஆண்டில் வரி உயரும். அரியர்ஸுக்கான வரி நிவாரணம் கேட்க மறக்காதீர்கள்.

நான் பார்த்தவரை, தாமதத்துக்குப் பாதிக் காரணம் அலுவலகம். மீதிப் பாதி, பதவி உயர்வுக்குத் தேவையான ரெஃப்ரெஷர் பயிற்சிக்குப் போகாமல் தள்ளிப்போட்டது. செமஸ்டர் நடுவில் விடுப்பு தரமாட்டேன் என்கிறார் துறைத்தலைவர், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அப்படித் தள்ளிப்போட்ட மூன்று வாரப் பயிற்சியால் இணைப் பேராசிரியர் பதவியே தள்ளிப்போனவர்களின் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது.

ஐயா, நான் கௌரவ விரிவுரையாளர். பிஎச்டி, செட் (மாநிலத் தகுதித் தேர்வு) இரண்டும் உண்டு. நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே பாடங்களை எடுக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இந்தச் சம்பளம்? (விழுப்புரம்)

அம்மா, இதற்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

2019 ஜனவரியில் யுஜிசி ஒரு சுற்றறிக்கை விட்டது. கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் முன்பு 20,000 கொடுத்தார்கள், பிறகு 25,000 ஆக்கினார்கள். அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். மே மாதம் உங்களுக்குப் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத் துறைகளில் தொகுப்பூதியம் இடத்துக்கு இடம் மாறும். மனநிலை ஒன்றுதான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளருக்கு பேசிக் 19,500. அகவிலைப்படியோடு 30,810. அவர் பட்டம் முடித்த பையன். முனைவர் பட்டம் பெற்ற நீங்கள் அவருக்குக் கீழே. அவர் சம்பளம் கூடுதல் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அரசாணை இருக்கிறது, பணிப்பதிவேடு இருக்கிறது. உங்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு தாள் மட்டும்.

ஏன் இப்படி? ஒரு நிரந்தர இடத்தை நிரப்பினால் சம்பளம், இன்கிரிமென்ட், பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று முப்பது ஆண்டுப் பொறுப்பு. நிரப்பாமல் வைத்தால் அந்த ஒரு இடத்தின் சம்பளத்தில் மூன்று கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டலாம். நிதிநிலைக் கூட்டங்களில் இதை "சிக்கனம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். போட்டிச் சம்பளம் கொடுக்கிறோம் என்று விளம்பரத்தில் அட்டவணையைக் காட்டிவிட்டு, வகுப்பறைக்கு வேறு விலையில் ஆள் அனுப்புவது சிக்கனம் இல்லை.

உங்களுக்கு என் யோசனை: பணி அனுபவச் சான்றிதழை ஒவ்வோர் ஆண்டும் கையோடு வாங்கிவிடுங்கள். எத்தனை மணி நேரம், எந்தப் பாடம், சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும். நாளை நிரந்தரப் பணிக்குப் போகும்போதும், வழக்கு என்று வந்தாலும் அதுதான் பேசும்.

ஆசிரியரல்லாத பணியாளர்களை யாருமே பேசுவதில்லையே?

உண்மை. யுஜிசி அட்டவணை ஆசிரியர்களுக்கும் பதிவாளர் போன்ற உயர் அலுவலர்களுக்கும். மற்றவர்களுக்கு மாநில அரசின் 2017 ஊதிய விதிகள். இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்று ஏணி இருக்கிறது. ஆனால் மேலே ஆள் ஓய்வு பெற்றால்தான் கீழே நகரும். அதனால்தான் பத்தாம் ஆண்டில் தேர்வு நிலை, இருபதாம் ஆண்டில் சிறப்பு நிலை என்று ஆறுதல் வைத்திருக்கிறார்கள். கணினிப் பிரிவில் நல்ல ஆட்கள் நிலைப்பதில்லை. தேர்வு முடிவுகளை ஒரு இரவில் வெளியிடத் தெரிந்த பையனைத் தினக்கூலியில் வைத்திருந்தால் அவன் ஏன் இருக்கப்போகிறான்?

அரசுப் பல்கலைக்கழகம்தானே, சம்பளம் கருவூலத்திலிருந்து வராதா? சில இடங்களில் மாதக் கடைசி தாண்டியும் வருவதில்லையே?

அரசுக் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர், கருவூலம் சம்பளம் தரும். பல்கலைக்கழகம் தன்னாட்சி அமைப்பு. அரசு ஒரு தொகையை மானியமாகத் தரும். மீதியைத் தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி என்று தானே தேட வேண்டும். ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்விதான் பல இடங்களில் சம்பளத்தையே தாங்கியது. எல்லை தாண்டி மையம் நடத்தக்கூடாது என்று யுஜிசி கட்டுப்படுத்தியதும் அந்த ஊற்று வற்றியது. இன்னொரு பக்கம் ஓய்வூதியர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. தணிக்கையில் ஆட்சேபணை போட்டால் அந்த அளவுக்கு மானியமும் நிற்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2024 பிப்ரவரியில் நடந்தது நினைவிருக்கும். 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. வரி எப்படி வந்தது? வரவில் பாதிக்கு மேல் அரசுப் பணம் இருந்தால்தான் அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற விலக்கு. மானியம் குறைந்தது, விலக்கும் போனது என்பது வரித்துறையின் வாதம். பணம் குறைவாகக் கொடுத்ததாலேயே வரி கட்டு என்றால், 1857-இல் தொடங்கிய நிறுவனம் யாரிடம் போய் முறையிடும்?

எட்டாவது ஊதியக்குழு எங்களுக்கு எப்போது?

2025 நவம்பரில் அமைத்த குழு மத்திய அரசு ஊழியர்களுக்கு. அறிக்கை தரப் பதினெட்டு மாதம் கெடு. ஆசிரியர்களுக்கு வழக்கமாகத் தனிக்குழு போடுவார்கள். ஆறாவதுக்கு சட்டா குழு, ஏழாவதுக்கு சௌகான் குழு. சென்ற முறை மத்திய ஊழியர்களுக்கு 2016 ஜூலையில் ஆணை, ஆசிரியர்களுக்கு 2017 நவம்பரில். அதன் பின் மாநிலம் தனியாக ஆணை போட வேண்டும். கூடுதல் செலவில் 50 விழுக்காட்டை 2019 மார்ச் வரைதான் மத்திய அரசு ஏற்றது, அதுவும் மாநிலம் முதலில் செலவழித்த பிறகு. எனவே வீட்டுக் கடனை எட்டாவது குழுவை நம்பி வாங்காதீர்கள்.

அமெரிக்காவில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) செய்கிறேன். திரும்பி வந்தால் சம்பளம் பேசி உயர்த்த முடியுமா?

பேரம் கிடையாது. தேர்வுக் குழு பரிந்துரைத்து சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) ஒப்புக்கொண்டால் சில இன்கிரிமென்ட் கூடுதலாகக் கிடைக்கலாம், அபூர்வம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஆய்வாளர்களுக்கான ராமானுஜன் ஃபெல்லோஷிப் மாதம் 1,35,000, ஐந்து ஆண்டு, ஆராய்ச்சி மானியம் தனி. அதில் வந்து உட்கார்ந்துகொண்டு நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிப்பது பலர் எடுத்த வழி. அங்கே செய்த பணி இங்கே கணக்கில் வர வேண்டுமானால், எந்தப் பதவி, என்ன சம்பளம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அந்த நிறுவனத்தின் கடிதத்தாளில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். பிறகு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் அங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. என் பணிப்பதிவேட்டை நான் பார்க்கலாமா?

தாராளமாக. எழுத்தில் கேளுங்கள். இன்கிரிமென்ட் பதிவு, விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம், இந்த மூன்றையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட வாரிசு நியமனத்தை அப்படியே விட்டுவிட்டு ஓய்வு பெறும் ஆண்டில் ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர்.