மாட்யூலாகப் பிரிப்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கடை மென்பொருளை ஆர்டர், பில்லிங், ஸ்டாக் என்று மூன்று மாட்யூலாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துவிட்டோம். ஆனாலும் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் உடைகின்றன. எங்கே தப்பு?

பதில்: மூன்றும் தரவுத்தளத்தில் ஒரே டேபிளை நேரடியாகப் படிக்கின்றனவா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஸ்டாக் தன் டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்றினால் பில்லிங் ஏன் விழ வேண்டும்? பெயரளவில்தான் பிரிந்திருக்கின்றன.

கணினி அறிஞர் டேவிட் பர்னாஸ் 1972-இல் இதை ஒரு சின்ன நிரலை வைத்தே காட்டினார். ஒவ்வொரு வரியையும் சொல் சொல்லாகச் சுழற்றி (முதல் சொல்லைக் கடைசிக்கு நகர்த்தி), கிடைப்பதை அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரல். முதலில் வேலை நடக்கும் வரிசைப்படியே பிரித்தார்: படி, சுழற்று, அடுக்கு, அச்சிடு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் வரிகளை நினைவகத்தில் வைக்கும் விதத்தை மாற்றினால் எல்லா மாட்யூலிலும் கை வைக்க வேண்டும். அடுத்த முறை, பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்தார். சேமிப்பு முறை மாறினாலும் அந்த ஒரு மாட்யூலோடு வேலை முடிந்தது. உங்களுக்கும் அதேதான்: ஸ்டாக் டேபிளை ஸ்டாக் மட்டும் தொடட்டும், மற்ற மாட்யூல்கள் ஸ்டாக்கிடம் கேட்டு வாங்கட்டும்.

கேள்வி: அப்படியானால் மைக்ரோசர்வீஸுக்கு, அதாவது ஒவ்வொரு மாட்யூலும் தனி நிரலாக ஓடி நெட்வொர்க் வழியே பேசும் முறைக்குப் போய்விடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இதே சிக்கலுக்கு நடுவில் நெட்வொர்க்கையும் நுழைத்தால், இரவில் எழுந்து லாக் (நிரலின் பதிவுகள்) பார்க்கப்போவது நீங்கள்தான்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாட்யூலை அப்படியே புது சிஸ்டத்தில் போடலாமா?

பதில்: போடலாம், அது எதையெல்லாம் நம்பி எழுதப்பட்டது என்று பார்த்த பிறகு. ஏரியான் 4 ராக்கெட்டில் பிரச்சினையின்றி ஓடிய வழிகாட்டி மென்பொருளை ஏரியான் 5-இலும் வைத்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த வேகம் சார்ந்த 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டாக மாற்றும்போது அடங்கவில்லை, மென்பொருள் விழுந்தது. மாற்று கருவியிலும் அதே மென்பொருள்தான், அதுவும் அதே இடத்தில் விழுந்தது. 1996 ஜூன் 4 அன்று, கிளம்பி ஒரு நிமிடம் ஆகும் முன்பே ராக்கெட் வெடித்துச் சிதறிற்று. ஆகவே இன்டர்ஃபேஸில் (மாட்யூல்கள் ஒன்றையொன்று அழைக்கும் வாசலில்) டைப்போடு, அதாவது எண்ணா எழுத்தா என்பதோடு நிறுத்தாமல் அலகு, வரம்பு, காலியாக வரலாமா என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: எதிலும் சேராததையெல்லாம் 'யூட்டில்ஸ்' என்ற பொது மாட்யூலில் போட்டு வைக்கிறோம். பரவாயில்லையா?

பதில்: நானும் போட்டிருக்கிறேன்! ஸ்பேஸ் நீக்கும் ஃபங்ஷன் அங்கே இருக்கட்டும். வரித்தொகையை ரவுண்ட் செய்வது இருந்தால் பில்லிங்குக்கு அனுப்பிவிடுங்கள்.