பேக்கேஜை யார் கட்டுவது? – கடிதம்

வணக்கம்.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஆப்புகளைப் பேக்கேஜாகக் கட்டித் தர டெப், ஆர்பிஎம் என்ற பழைய ஃபார்மட்கள் போதாதா? ஸ்நாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்று புதிய ஃபார்மட்கள் எல்லாம் எதற்கு? ஃபிளாட்பேக்கில் ஒரு கால்குலேட்டர் போட்டால்கூட நூற்றுக்கணக்கான எம்பி இறங்குகிறது. இந்தப் பிரிவினையால்தான் லினக்ஸ் வளரவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த எம்பியில் பெரும்பகுதி கால்குலேட்டருக்கு அடியில் இருக்கும் ரன்டைம், அதாவது பல ஆப்புகள் பகிர்ந்துகொள்ளும் அடிப்படைக் கோப்புகளின் தொகுப்பு. அதே ரன்டைமைக் கேட்கும் அடுத்த ஆப்புக்கு அது மறுபடி இறங்காது. வேறு பதிப்பைக் கேட்டால் இறங்கும். ஆகவே உங்கள் புகார் பாதி நியாயம்.

டெப் நமக்குப் போதும், ஆப் எழுதுகிறவருக்குப் போதாது. டெபியன், ஃபெடோரா, உபுண்டு என்று லினக்ஸை வழங்கும் டிஸ்ட்ரோக்கள் பல. டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ, பதிப்புக்குப் பதிப்பு, ஆப்புகள் நம்பியிருக்கும் பொது நிரல்களான லைப்ரரிகள் மாறுகின்றன. தன் சப்சர்ஃபேஸ் என்ற ஆப்புக்கு விண்டோஸிலும் மேக்கிலும் பைனரி (அப்படியே ஓடும் கோப்பு) தருகிறோம், லினக்ஸில் தருவதில்லை என்று 2014-இல் டெபியன் மாநாடான டெப்கான்ஃபில் லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னார். லினக்ஸைப் படைத்தவருக்கே இந்த நிலை.

ஆனால் ஃபார்மட் சண்டையில் பலரும் கவனிக்காதது, பேக்கேஜைக் கட்டுபவர் யார், பாதுகாப்பு ஓட்டை விழுந்தால் அடைப்பவர் யார் என்பதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஓட்டை என்றால் டெபியன் ஒரு பேக்கேஜைத் திருத்துகிறது, அதை நம்பியிருக்கும் ஆப்புகள் எல்லாம் தப்பித்துவிடுகின்றன. அதே லைப்ரரியை உள்ளே அடைத்துவைத்த ஆப்இமேஜை எழுதியவரே மறுபடி கட்டவேண்டும். அவர் கைவிட்டுப் போயிருந்தால் ஓட்டை அப்படியே இருக்கும்.

2025 தொடக்கத்தில் ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவு ஆப்பின் குழுவுக்கும் ஃபெடோராவுக்கும் மூண்ட தகராறைப் பாருங்கள். ஃபிளாட்பேக்குகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்தில் ஓபிஎஸ் குழுவே கட்டிய பேக்கேஜ் இருந்தது. ஃபெடோரா தானும் ஒன்றைக் கட்டித் தந்தது. அது சரியாக வேலை செய்யவில்லை, புகார்களோ ஓபிஎஸ்ஸுக்குப் போயின. சட்ட நடவடிக்கை என்று ஓபிஎஸ் எச்சரிக்கும் அளவுக்கு முற்றியது. இரண்டுமே ஃபிளாட்பேக்! ஒரே ஃபார்மட் வந்துவிட்டால் சண்டை தீரும் என்பவர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

ஸ்நாப்பில் எனக்கு உடன்பாடில்லை. கனானிக்கல் நிறுவனத்தின் உபுண்டு 20.04-இல், டெப்களை நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாகக் குரோமியம் பிரவுசரைக் கேட்டால் சொல்லாமல் ஸ்நாப்பை இறக்கியது. உபுண்டுவின் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 20, ஸ்நாப்புகளை நிறுவி இயக்கும் ஸ்நாப்டியைத் தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம், அது சரியான முடிவு. ஸ்நாப் ஸ்டோரின் சர்வர் மூலநிரல் இன்றும் கனானிக்கல் கையில் மூடியே கிடக்கிறது. ஃபிளாட்பேக்கில் யார் வேண்டுமானாலும் களஞ்சியம் நடத்தலாம்.

லினக்ஸ் வளராததற்குப் பெரிய காரணம், கடையில் வாங்கும் கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே இருப்பது.

டிரைவர், கட்டளை வரியில் ஓடும் ஷெல் கருவிகளை டெப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு ஃபிளாட்ஹப்பில் ஆப்பை எழுதியவரே வெளியிட்டது என்று காட்டும் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா, ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். ஹோம் ஃபோல்டர் முழுவதையும் கேட்டால் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் ஆப்பில் குறைத்துவிடுங்கள்.