ரத்தத்தில் கால்சியம் சரி, எலும்பில் எங்கே போனது?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. போன மாதம் கொல்லைப்புறத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்று வந்திருக்கிறது. ஆனால் ரத்தத்தில் கால்சியம் 9.4, நார்மல். பிறகு எதற்கு கால்சியம் மாத்திரை, ஊசி எல்லாம்? உடம்பைத் தாங்குவதுதானே எலும்பின் வேலை? இனி அம்மாவை எந்த வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்தால் போதாதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த 9.4-ஐப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது எலும்பின் கணக்கு அல்ல.

இதயம் சீராகத் துடிக்கவும், தசை சுருங்கவும், ரத்தம் உறையவும் ரத்தத்தில் ஓரளவு கால்சியம் எந்நேரமும் இருந்தே ஆக வேண்டும். சுமார் 8.5 முதல் 10.5 வரை. அதற்கும் கீழே நன்றாக இறங்கினால் விரல்கள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் உடம்பு இந்த அளவை விட்டுக்கொடுப்பதே இல்லை. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் கொஞ்சம் குறைந்தாலும் அவை ஹார்மோனைச் சுரந்து, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்ப வைக்கும். வயது வந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். எலும்புக்கூடு உடம்பின் பத்தாயம். வரத்து குறைந்த நாளில் அதிலிருந்து அள்ளித்தான் சமையல் நடக்கிறது. அம்மாவின் ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதற்கு இத்தனை வருஷமாக அவர் எலும்பும் விலை கொடுத்திருக்கலாம்.

அள்ளுவது மட்டுமல்ல, திரும்பப் போடுவதும் நடக்கிறது. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகைச் செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை. வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதுவாக்கில் எலும்பு உச்ச பலத்தில் இருக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைய, கரைக்கும் செல்களைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போகிறது. அடுத்த சில வருஷங்களில் இழப்பு வேகமாக இருக்கும். வலி கிடையாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டு முறிவது பல பெண்களுக்கு முதல் எச்சரிக்கை. அடுத்து முதுகெலும்போ இடுப்போ ஆகிவிடக் கூடாது. டி-ஸ்கோர் என்பது இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு. அது மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். டாக்டர் சும்மா மருந்து எழுதவில்லை.

தாங்குவது மட்டும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டையோடு மூளையைக் காப்பதெல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இடுப்பு, நெஞ்செலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றுக்குள் இருக்கும் சிவப்பு மஜ்ஜையில் தினமும் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ரத்தப் புற்றுநோய் சந்தேகம் வந்தால் இடுப்பெலும்பில் ஊசி குத்திப் பார்ப்பது இதனால்தான். சிறுநீரகம் எவ்வளவு பாஸ்பேட்டை வெளியேற்ற வேண்டும் என்பதற்குக்கூட எலும்பு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது.

சரி, உட்காரவைப்பது? தயவுசெய்து வேண்டாம். சுமை விழுந்தால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். எடையே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் அடர்த்தி இழக்கிறது, அதுவும் இளம் வயது, நல்ல உடம்பு. கட்டைப் பிரித்ததும் அம்மா தினமும் நடக்கட்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி செய்யட்டும். குனிந்து குடம் தூக்குவது மட்டும் கூடாது. கொல்லைப்புறத்தில் பாசியைச் சுரண்டிவிட்டு, பிடித்து நடக்க ஒரு கம்பி பதியுங்கள். அதற்குச் செலவு செய்யலாம், தப்பில்லை.

சாப்பாட்டில் 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள், பால், தயிர் எல்லாம் நல்லது. ஆனால் அம்மா வயதுக்குத் தேவை நாளைக்குச் சுமார் 1,200 மில்லிகிராம், சாப்பாட்டில் எட்டுவது கடினம். அதற்குத்தான் மாத்திரை. கால்சியம் கார்பனேட் என்று எழுதியிருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. வைட்டமின் டி-யையும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தால் விழுங்கும் கால்சியம் குடலில் சரியாக ஏறாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அது கிடைக்காது.

கால்சியம் மட்டும் இழந்த எலும்பைத் திருப்பித் தராது. அதனால்தான் ஊசி. பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் வகை என்றால் தேதி தள்ளக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. விட்டால் எலும்பு வேகமாக இளைத்து முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. அம்மா ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.