சன்ரூஃப் ஒழுகுகிறதா? ரப்பரைத் தொடுமுன் ஒரு டம்ளர் தண்ணீர்

கேள்வி: கார் வாங்கி நாலு வருஷம் ஆகிறது, சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) உள்ள மாடல். ராத்திரி முழுக்க மழை பெய்த மறுநாள், ஆபீஸ் கிளம்பி முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் உள்விளக்குப் பக்கமிருந்து தண்ணீர் மடியில் கொட்டியது. கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டும் ஈரம். தெருமுனை மெக்கானிக், அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். தம்பியோ, சிலிகான் வாங்கிச் சுற்றிலும் அடைத்தால் போதும் என்கிறான். வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். சன்ரூஃபைத் திறப்பதே அபூர்வம். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் தம்பி கையிலிருந்து அந்த சிலிகானை வாங்கி உள்ளே வையுங்கள். மெக்கானிக்குக்கும் இப்போதைக்குப் பணம் தர வேண்டாம். பிரேக் போட்டதும் கொட்டியது, வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ரப்பரில் இல்லை.

அந்த ரப்பர் சொட்டுக்கூட விடாது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். மழைத்தண்ணீரில் பெரும்பங்கைத் தடுப்பது மட்டுமே அதன் வேலை. மிச்சம் உள்ளே வரும் என்று தெரிந்தே வண்டியைச் செய்திருக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றிக் கூரைக்குள் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மூலைகளில், பெரும்பாலான வண்டிகளில் நான்கிலும், மெல்லிய குழாய்கள் உண்டு. முன்னிரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, கதவுக் கீல் அல்லது முன்சக்கரத்தின் பக்கம் தண்ணீரை விடும். பின்னிரண்டும் பின்சக்கரம், பம்பர் பக்கம் இறங்கும். மொட்டைமாடிக் குழாயில் சருகு அடைத்த கதைதான் இங்கேயும். வேப்பம்பூவும் தூசியும் சேறாகிக் குழாயின் வாயை அடைக்கின்றன. வாய்க்கால் நிரம்புகிறது. பிரேக் போட்டதும் தேங்கியதெல்லாம் முன்னால் அலைந்து, விளக்கு மாட்டிய ஓட்டை வழியாக உங்கள் மடியில் விழுகிறது. புது ரப்பர் போட்டாலும் இது நிற்காது. சிலிகான் பூசினால் கண்ணாடி திறக்காது, வெயிலில் ஓரம் பிரிந்து மறுபடி ஒழுகும், அதைச் சுரண்டி எடுக்கும் கூலி தனி.

மழையில்லாத நாளில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சன்ரூஃபை முழுக்கத் திறந்துவையுங்கள். ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குப்பையும் குழாய்க்குள் போகும். முன்மூலையில் தெரியும் துவாரத்தருகே ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தம்பி கீழே குனிந்து பார்க்கட்டும். சக்கரத்தருகே உடனே ஒழுகினால் அந்தக் குழாய் சரி. மேலேயே தேங்கினால் அடைப்பு. தண்ணீர் இறங்குகிறது, வெளியே வரவில்லை, கார்பெட் நனைகிறது என்றால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. அதற்குமேல் கை வைக்காதீர்கள்.

வெறும் அடைப்பென்றால் நீங்களே எடுக்கலாம். புல்வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் நரம்பின் நுனியை நெருப்பில் காட்டி மழுக்கி, திருகித் திருகி உள்ளே விடுங்கள். கட்டுக்கம்பி குழாயைக் குத்திவிடும். பஞ்சர் கடையில் காற்றடிக்கச் சொல்லும் யோசனையும் யாராவது தருவார்கள், கேட்காதீர்கள். அந்த வேகத்தில் குழாய் வாய்க்காலிலிருந்து பிடுங்கிக்கொண்டால், நூறு ரூபாய் வேலை கூரையைப் பிரிக்கும் வேலையாகிவிடும். சில வண்டிகளில் குழாயின் கீழ்முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதன் பிளவில்தான் சேறு தங்கும், விரலால் பிதுக்கினாலே போதும். பின்மூலைத் துவாரங்கள் பெரும்பாலும் கண்ணாடிக்கு அடியில் மறைந்திருக்கும். அவற்றை சர்வீஸ் சென்டரில் பார்க்கட்டும்.

ரப்பர் கிழிந்தோ விறைத்தோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள். மற்றபடி துடைத்துச் சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். இன்ஜின் ஆயில் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். திறப்பதே அபூர்வம் என்கிறீர்களே, குப்பை சேர்ந்தது கண்ணில் படாமல் போனதற்கு அதுதான் காரணம். மாதம் ஒருமுறை திறந்து துடைக்கலாம்.

நாலு குழாயும் சரியாக இருந்தும் ஒழுகினால், கூரைமேல் உள்ள ஆன்டெனாவின் அடி, ரூஃப் ரெயிலின் போல்ட், முன்கண்ணாடியின் ஒட்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மழையே இல்லாமல் இடப்பக்கக் கார்பெட் மட்டும் நனைந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

கார்பெட் மேலே காய்ந்ததை நம்பாதீர்கள். அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது, பல வண்டிகளில் வயர்களும் அதன் வழியேதான் போகின்றன. ஓரத்தைத் தூக்கி, ஃபேன் போட்டு, ஃபோம் வரை காயவிடுங்கள். நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும்.

குழாய் கழன்றிருந்தால் ரூஃப் லைனிங்கை, அதாவது கூரையின் உள்பக்க உறையை, இறக்க வேண்டும். கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் ஜன்னலோரம் விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியில் அது லைனிங்குக்குப் பின்னால், கூரையோரமாக மடிந்து கிடக்கிறது. வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை அல்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தால் நீர்க்கசிவு அதில் சேருமா என்று படித்துவிட்டுப் போங்கள், எல்லாத் திட்டத்திலும் சேராது. வேலை முடிந்ததும், லைனிங்கை மறுபடி மாட்டுவதற்கு முன்பே, நான்கு மூலையிலும் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு காட்டினால், உள்ளே கசிவதைக் கண்டுபிடிக்க அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும்.