நூலகப் பட்டியலில் இருக்கும் பழைய இனச் சொற்களை மாற்றுவது வரலாற்றை அழிப்பது ஆகாதா?

ஆகாது. நூல்களுக்குப் பொருள் தலைப்பு கொடுக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழும். கேட்பவர்கள் பெரும்பாலும் உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு நூலின் பதிவில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று, தலைப்புப் பக்கத்தில் அச்சாகியிருப்பதை அப்படியே எடுத்தெழுதுவது. பழைய நூலின் பெயரில் 'நீக்ரோ' என்று இருந்தால் இன்றைக்கும் பதிவில் அப்படியேதான் இருக்கும், அதில் யாரும் கைவைப்பதில்லை. இன்னொன்று, இந்த நூல் எதைப் பற்றியது என்று நூலகம் தானே சேர்க்கும் பொருள் தலைப்பு. இது ஆசிரியரின் பேச்சு இல்லை, நூலகத்தின் பேச்சு. போன மாதம் வெளிவந்த நூலுக்கும் பட்டியலில் இருக்கும் தலைப்பைத்தான் ஒட்டுகிறோம். தன் மக்களைப் பற்றிப் படிக்க வரும் ஒருவர், தன்னை இழிவுபடுத்தும் சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் நூல் கிடைக்கும் என்றால் அந்தப் பழி எங்கள் மேல்தான் விழும்.

சில தலைப்புகள் வரலாற்றையே திரித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. 1921-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதிக்குள் புகுந்து, மக்களைக் கொன்று, வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியது. பல நாட்டு நூலகங்கள் பின்பற்றும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தலைப்புப் பட்டியலில் இது நெடுங்காலம் 'இனக் கலவரம்' என்றே இருந்தது. கலவரம் என்றால் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டது போல ஆகிவிடுகிறது. 2021-இல்தான் அது 'இனப் படுகொலை' என்று மாறியது. இந்த மாற்றத்தில் எந்த வரலாறு அழிந்தது?

இது இப்போது கிளம்பிய பேச்சும் இல்லை. சான்ஃபர்டு பெர்மன் என்ற அமெரிக்க நூலகர் ஜாம்பியாவில் வேலை பார்த்தபோது, ஆப்பிரிக்கர்களை ஏசப் பயன்பட்ட ஒரு சொல் இந்தப் பட்டியலில் தலைப்பாகவே இருப்பதைக் கவனித்தார். மக்களைப் பற்றிய இப்படிப்பட்ட தலைப்புகளைத் திரட்டி 1971-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். 1970-களின் நடுவில் 'நீக்ரோஸ்' என்ற தலைப்பு எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 'ஆஃப்ரோ அமெரிக்கன்ஸ்', மற்ற இடங்களில் இருப்பவர்களுக்கு 'பிளாக்ஸ்' என்று ஆனது. 'ஆஃப்ரோ அமெரிக்கன்ஸ்' 2000-இல் 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்ஸ்' ஆனது. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றுவதானால் இப்போது கணினியில் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். ஒரு தலைப்பு இரண்டாகப் பிரியும்போது அப்படி முடியாது. இந்த நூல் எந்த நாட்டு மக்களைப் பற்றியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் பட்டியல் அட்டைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சரி, பழைய சொல்லைத் தேடும் ஆய்வாளர் என்ன செய்வார்? அவருக்கு அந்தச் சொல் தேவைதான். பழைய ஆவணங்களில் அதுதானே இருக்கிறது. அதனால்தான் மாற்றிய சொல்லை நாங்கள் தூக்கி எறிவதில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அத்தாரிட்டி பதிவு உண்டு, ஏற்றுக்கொண்ட சொல்லையும் அதன் மாற்றுச் சொற்களையும் குறித்துவைக்கும் பதிவு அது. பழைய சொல் அதில் 'காண்க' குறிப்பாக உட்கார்ந்துகொள்ளும், அதைத் தேடினால் புதிய தலைப்புக்கு வழிகாட்டும். ஆனால் இன்றைய தேடல் பக்கங்கள் பலவற்றில், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடும் வசதிக்காக, இந்தக் குறிப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. பழைய சொல்லைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். சண்டை போட வேண்டிய இடமும் இதுதான்.

அவசரமாக மாற்றினாலும் தப்பாகும். ஆர்க்டிக் பகுதி மக்களைக் குறிக்கும் 'எஸ்கிமோஸ்' என்பதை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'இனுயிட்' என்று போட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் இனுயிட் இல்லை. அந்தந்த மக்களைக் கேட்காமல் செய்தால் ஒரு பிழை போய் இன்னொன்று வரும்.

அரசியலும் குறுக்கே வரும். உரிய ஆவணமின்றிக் குடியேறியவர்களைக் குறித்த 'இல்லீகல் ஏலியன்ஸ்' (சட்டவிரோத அந்நியர்கள்) என்ற தலைப்பை மாற்றச் சொல்லி அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014-இல் கோரிக்கை வைத்தார்கள். மாற்றப்போவதாக 2016-இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அறிவித்ததும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள், வேலை அப்படியே நின்றது. 2021 நவம்பரில்தான் அந்தத் தலைப்பு போனது. இடையில் சில நூலகங்கள் காத்திருக்காமல் தங்கள் பட்டியலில் தாங்களே மாற்றிக்கொண்டன. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

உங்கள் நூலகத்தில் இப்படி ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் எந்த நூல், எந்தத் தலைப்பு என்று குறித்து, பட்டியல் பிரிவுக்கு எழுதுங்கள். அந்த மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டும் நூல்களின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு முன்மொழிவு அனுப்ப மற்ற நூலகங்களுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. முன்மொழிவோடு அச்சில் வந்த ஆதாரத்தையும் கேட்பார்கள், நீங்கள் அனுப்பும் நூல் பெயர்கள் அங்கே நேரடியாகப் பயன்படும்.