'அவுட் ஆஃப் ஹேண்ட்', 'அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்' ரெண்டும் ஒண்ணுதானா? கை வச்சு வர்ற இங்கிலீஷ் தொடர்களை எப்படித் தப்பில்லாம யூஸ் பண்றது?

ஒண்ணே இல்லைங்க, ரெண்டுக்கும் ரொம்ப தூரம். நான் இதுல நேரடியா அடிபட்டிருக்கேன். டெலிவரி தேதிய மேல இருக்கவங்கதான் முடிவு பண்ணணும், என் கையில ஒண்ணும் இல்லைன்னு கிளையன்ட்டுக்குச் சொல்ல நினைச்சு 'திங்ஸ் ஹேவ் காட் அவுட் ஆஃப் ஹேண்ட்'னு மெயில் போட்டுட்டேன், கொஞ்ச நேரத்துல போன் வந்துடுச்சு, என்ன ஆச்சு எது போச்சுன்னு அவங்க குரல்ல அவ்ளோ பதட்டம். ஏன்னா அதுக்கு அர்த்தம் நிலைமை கட்டுமீறிப் போயிடுச்சுன்னு. நான் எழுதியிருக்க வேண்டியது 'இட்ஸ் அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்'. நடுவுல ஒரு 'மை', கடைசில ஒரு 'ஸ்', அவ்ளோதான் வித்தியாசம். இதே 'அவுட் ஆஃப் ஹேண்ட்' 'ரிஜெக்ட்' கூட சேர்ந்து வந்தா இன்னொரு அர்த்தம், யோசிக்கக்கூட செய்யாம எடுத்த எடுப்புலயே மறுத்துட்டாங்கன்னு.

அதனால கை வர்ற தொடர்னா முன்னாடி பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்க சின்ன வார்த்தைகளத்தான் முதல்ல பாக்கணும். 'கிவ் மீ எ ஹேண்ட்'னா உதவி கேக்கறது, நம்ம 'கொஞ்சம் கை கொடு' மாதிரியே. 'கிவ் ஹெர் எ பிக் ஹேண்ட்'னா கைதட்டுங்கன்னு அர்த்தம்.

சிலதுக்கு தமிழ்லயே ஜோடி இருக்கு, அது பெரிய வசதி. 'கைகழுவிட்டான்'னு சொல்றோமே, அதுதான் 'ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்'. பைபிள்ல, இயேசுவைக் கொல்லச் சொல்லிக் கத்தின கூட்டத்துக்கு முன்னாடி ரோமானிய ஆளுநர் பிலாத்து தண்ணி எடுத்துக் கைகழுவி, இந்த ரத்தப்பழிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்ற இடத்துலேர்ந்து வந்தது, மத்தேயு 27:24. அந்த 'ஆஃப் இட்' விட்டுப்போச்சுன்னா சோப்பு போட்டுக் கழுவினதா ஆயிடும். 'கையும் களவுமா'வுக்கு 'ரெட் ஹேண்டட்', கையில ரத்தக்கறையோட பிடிபடுறதுலேர்ந்து வந்தது.

'ஹேண்ட் இன் ஹேண்ட்'னா கைகோத்து சேர்ந்தே போறது, அது நல்லதுக்கும் வரும், ஆனா 'ஹேண்ட் இன் க்ளவ்' பெரும்பாலும் கூட்டுக்களவாணித்தனத்துக்குத்தான், கூட வேலை செய்றவங்களப் பாராட்டி எழுதறப்போ அதப் போட்டுடாதீங்க ப்ளீஸ்.

'ஆன் தி அதர் ஹேண்ட்'தான் நான் அதிகமா தப்பாப் பாக்கறது. 'மேலும்'ங்கற அர்த்தத்துல போடறாங்க. சம்பளம் நல்லாருக்கு, ஆன் தி அதர் ஹேண்ட் லீவும் நிறைய, இது தப்பு. சம்பளம் நல்லாருக்கு, ஆன் தி அதர் ஹேண்ட் லீவே கிடையாது, இதுதான் சரி.